மூச்சின் மறைபொருள் ஆராய்ந்த மேதை அவதார் சிங் பெயின்டல்

மனிதன் ஒரு நாளில் 21,600 தடவை மூச்சு விடுகின்றான் என்று நம் நாட்டு யோக நூலோர் கணக்கிட்டனர். நிமிடம் ஒன்றுக்கு 15 மூச்சு என்னும் இக்கணக்கு இக்கால மருத்துவரின் கணக்குக்கு முரணானதன்று. ஆயினும் இத்தனை ஆயிரம் மூச்சுகளுள் ஒன்றையேனும் நாம் கருத்திற் கொள்வதில்லை. சிவனொளிபாத மலையின் படிகளில் விரைந்து ஏறும்பொழுதோ, இருதய நோய் கண்டவர் நள்ளிரவில் படுக்கையினின்றும் எழுந்து யன்னலை நாடும்பொழுதோதான் மூச்சு என்னும் ஒன்று உண்டென்பது நினைவுக்கு வருகின்றது. மூச்சு முட்டுகின்றது என்கின்றோம். முட்டுகின்றது என்னும் அவ்வுணர்ச்சி உடலின் எவ்விடத்தில் தோன்றுகின்றது? அதனை மூளைக்கு அறிவிக்கும் தூதுவன் யார்?

எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் உழைத்தவர் இந்திய உடற்றொழிலியல் அறிஞரான பேராசிரியர் அவதார் சிங் பெயின்டல். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. உலகின் மருத்துவ நூல்களில் அவருடைய கண்டுபிடிப்பு இடம் பெற்றிருப்பினும், தமிழ் படிக்கும் நம் மாணவருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. பட்டம் பெற்றபின் ஆராய்ச்சித் துறையிற் புக விரும்பும் இளைஞருக்கு அவர் வரலாறு நல்லதொரு வழித்துணையாகும்.

பிறப்பும் கல்வியும்

பெயின்டல் 1925ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 24ஆந் திகதி பர்மாவிலுள்ள மோகோக் என்னும் ஊரிற் பிறந்தார். மாணிக்கக் கற்களுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அவருடைய தந்தையார் அரசாங்க மருத்துவர். பர்மாவில் இளமையைக் கழித்த அவர், பின்னர் இலாகூரில் போர்மன் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, இலக்னோ நகரின் கிங் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு 1948இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவருக்கு அக்காலத்தில் முன்னின்ற பாதை யாவரும் அறிந்ததே. ஊரிலே மருந்துச்சாலை திறந்தால் பொருளும் புகழும் ஒருங்கே வந்து சேரும். பெயின்டல் அப்பாதையை நாடாது உடற்றொழிலியலில் மேற்படிப்பை மேற்கொண்டார். மனவுணர்ச்சி மாறும்பொழுது தோலின் மின்தடையும் மாறுகின்றது என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி. மனநோயாளரிடத்தும் ஏனையோரிடத்தும் அம்மாற்றம் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை அவர் அளந்து ஒப்பிட்டார். அவ்வாராய்ச்சிக் கட்டுரை 1951இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அளக்கத்தக்கது யாது, அளக்கவொண்ணாதது யாது என்று பிரித்தறியும் பயிற்சி அவருக்கு அங்கேயே தொடங்கியது எனலாம்.

எடின்பரோ ஆய்வுகூடம்

1950இல் றொக்பெல்லர் நிதியத்தின் புலமைப்பரிசில் பெற்று அவர் ஸ்கொத்லாந்திலுள்ள எடின்பரோப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே உடற்றொழிலியற் பேராசிரியராக விளங்கிய டேவிட் விற்றரிட்ஜ் அவர்களின் கீழ்க் கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியை மேற்கொண்டார். அவ்வாராய்ச்சியின் அருமையை உணர்வதற்கு அதன் முன்வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியே இறங்கி, இருதயம், சுவாசப்பை, இரைப்பை ஆகியவற்றிற் படரும் நரம்பொன்று உண்டு. நெடுந்தூரம் அலைந்து செல்வதால் அதனை அலையுநரம்பு என்பர். மூளையின் கட்டளையைக் கீழே கொண்டு செல்லும் நார்களிலும், உள்ளுறுப்புகளின் நிலையை மேலே அறிவிக்கும் நார்களே அதில் மிகுதி. சுவாசப்பை விரியும்பொழுது இந்நரம்பின் வழியே செய்தி சென்று மூச்சை உள்ளிழுத்தலை நிறுத்துகின்றது என்பதை 1868இல் ஹேரிங், புரோயர் என்னும் இருவர் காட்டினர். 1933இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஏட்றியன் அச்செய்தியைக் கொண்டு செல்லும் தனி நார்களின் மின்துடிப்புகளையே பதிவு செய்தார்.

இருப்பினும் அறியவேண்டியது மிகுதியாக இருந்தது. அலையுநரம்பு பல்லாயிரம் நார்களின் கட்டு. முழு நரம்பிலிருந்து மின்துடிப்பைப் பதிவு செய்தால், சந்தையின் இரைச்சலைத் தூரத்தே நின்று கேட்பது போன்ற நிலையே ஏற்படும். யார் எதைப் பேசுகின்றார் என்பது விளங்காது. ஒருவர் பேச்சை மட்டும் கேட்க வேண்டுமாயின் அவரைத் தனியே அழைத்து வருதல் வேண்டும். பெயின்டல் செய்தது அதுவே. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனையின் அலையுநரம்பைத் திரவப் பரபின் எண்ணெயின் கீழ் வைத்து, நுண்ணிய ஊசிமுனைகளால் இழை இழையாகப் பிரிப்பார். ஒரே ஒரு நார் மட்டும் துடிக்கும் இழை கிடைக்கும்வரை பிரித்துக்கொண்டே செல்வார். பின் அதனை மின்வாயில் ஏற்றி, எழும் துடிப்பைப் பெருக்கி, கதோட்டுக் கதிர்த் திரையிற் காண்பார். ஒரு நாள் முழுவதும் உழைத்தும் ஒரு நார்தானும் கைகூடாது போகலாம். இழை அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இம்முயற்சியின் பயனாக இருதயத்தின் சோணையறைகளில் இரு வகையான உணர்ச்சி வாங்கிகள் உண்டென்பது வெளியாயிற்று. சோணையறை சுருங்கும்பொழுது துடிப்பன ஒரு வகை. அவ்வறையிற் குருதி வந்து நிரம்பும்பொழுது துடிப்பன மற்றொரு வகை. இவற்றை அவர் முறையே ஏ வகை, பீ வகை என்று பெயரிட்டு 1953இல் விவரித்தார். குருதி எவ்வளவு திரும்பி வருகின்றது என்பதை உடல் அறிந்துகொள்ளும் வழிகளுள் பீ வகை வாங்கிகள் ஒன்று என்பது இன்று பாடநூற் செய்தி. அதே ஆண்டில், இருதயத்திலிருந்தும் சுவாசப்பையிலிருந்தும் செல்லும் நார்களிற் கணத்தாக்கம் எத்துணை வேகத்திற் செல்கின்றது என்பதையும் அளந்து வெளியிட்டார். அடுத்த ஆண்டில், இரைப்பை நிறையும்பொழுது துடிக்கும் வாங்கிகளை ஆராய்ந்து, பசியும் தாகமும் தணிந்தமையை உடல் எவ்வாறு அறிகின்றது என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார். முப்பது வயது நிரம்பாத ஒருவரின் அறுவடை இது.

உறங்கும் சாட்சியை எழுப்பியமை

பெயின்டலின் பெயரை நிலைநாட்டிய கண்டுபிடிப்பு இதனின் வேறானது. மயலின் உறையுள்ள தடித்த நார்களிற் செய்தி வினாடிக்குப் பல பத்து மீற்றர் வேகத்திற் பாய்ந்து செல்லும். உறையில்லாத மெல்லிய நார்களிலோ அது வினாடிக்கு 2 மீற்றர் அளவினதாய், மெல்ல நடந்தே செல்லும். சுவாசப்பையிலிருந்து வரும் நார்களுள் மெல்லியனவே மிகுதி. ஆயின் அக்காலத்து ஆராய்ச்சியாளர் அவற்றை ஏறக்குறையக் கைவிட்டிருந்தனர். அவற்றின் துடிப்பு மிகச் சிறிது என்பது ஒரு காரணம். சாதாரண மூச்சின்போது அவை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும் என்பது மற்றொரு காரணம். பேசாத ஒருவனைக் கூட்டத்திற் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

எழுப்பினால் பேசுவான் என்று பெயின்டல் கருதினார். பீனைல் டைகுவனைட்டு என்னும் மருந்தைக் குருதியிற் செலுத்தினால், பூனையின் மூச்சு சற்றே நின்று, பின் விரைவாகவும் மேலோட்டமாகவும் நடைபெறும். இருதயத் துடிப்பும் குருதியமுக்கமும் தாழும். இதனை 1950ஐ அடுத்த ஆண்டுகளில் ஆங்கில அறிஞர் சிலர் அறிந்திருந்தனர். சுவாசப்பையின் சிறு குருதிக் குழாய்களை மாப்பொருட் துணிக்கைகள் அடைத்தாலும் மூச்சு அவ்வாறே மாறும் என்பது விற்றரிட்ஜின் ஆராய்ச்சியிற் கண்ட உண்மை. அங்ஙனமாயின் இவ்விளைவுகளைத் தூண்டும் நரம்பு முனைகள் சுவாசப்பையில் இருத்தல் வேண்டுமன்றோ? தனி நார்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, அம்மருந்தை இருதயத்தின் வலப்புறத்திற் செலுத்தினார் பெயின்டல். மௌனமாயிருந்த நார்கள் சில வினாடிகளுள் துடிதுடித்து எழுந்தன. மருந்து சுவாசப்பையைக் கடந்து இருதயத்தின் இடப்புறத்தை அடையுமுன்னரே இது நிகழ்ந்தது. ஆகவே அம்முனைகள் சுவாசப்பையிலேயே உள்ளன என்பது தெளிவாயிற்று. இச்செய்தியைத் தாங்கிய கட்டுரை 1955இல் வெளிவந்தது.

தம் பெயர்ப்பலகையைத் தாமே மாற்றியமை

சுவாசப்பை சுருங்கும்பொழுதும் இவ்வாங்கிகள் துடிப்பதை அவர் கண்டமையால், சுவாசப்பைச் சுருக்க வாங்கிகள் என்று முதலிற் பெயரிட்டார். பெயர் நூல்களில் ஏறியது. அத்துடன் நின்றிருந்தாலும் அவர் புகழுக்குக் குறைவு நேர்ந்திராது. ஆனால் அப்பெயரில் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. மருந்து எழுப்புவது வேறு, இயற்கை எழுப்புவது வேறு. உடலில் இவ்வாங்கிகளை நாள்தோறும் எழுப்பும் இயற்கைத் தூண்டல் யாது? அதனை அறியாதவரை கண்டுபிடிப்பு பாதியளவினதே என்று அவர் கொண்டார்.

மயக்க ஆவிகளைச் சுவாசப்பையினுள் ஊதியபொழுது வாங்கிகள் மிகச் சொற்ப நேரத்துள் எழுந்தன. ஆகவே அவை காற்றுச் சிற்றறைகளுக்கும் அருகில், குருதி மயிர்க்குழாய்களுக்கும் அருகில் இருத்தல் வேண்டும். அடுத்து, சுவாசப்பையில் குருதி தேங்கும்படி செய்து பார்த்தார். அமுக்கம் உயர்ந்து, மயிர்க்குழாய்ச் சுவரினூடாக நீர் கசிந்து இடைவெளிகளில் ஊறத் தொடங்கும்பொழுது வாங்கிகள் துடித்தன. சுருக்கமோ அவற்றுக்கு வலுவான தூண்டலன்று என்பதும் தெளிவாயிற்று. 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாம் முன்னர் வைத்த பெயரைத் தாமே நீக்கி, மயிர்க்குழாயை அடுத்துள்ளவை என்னும் கருத்தமைந்த ஆங்கிலத் தொடரின் முதலெழுத்தைக் கொண்டு, ஜே வாங்கிகள் என்று புதுப்பெயர் சூட்டினார். உலகம் இன்றும் அவற்றை அப்பெயராலேயே அறிகின்றது. உறையில்லாத நார்கள் என்னும் பொருளில் சீ நார் வாங்கிகள் என்று வழங்குவாரும் உளர்.

பிறர் பிழையைத் திருத்துவது எளிது. தம் பெயரோடு பதினான்கு ஆண்டுகள் வழங்கிய சொல்லைத் தாமே பொருந்தாதென்று நீக்குவதற்கு உள்ளத்திண்மை வேண்டும். பெயின்டலின் வாழ்க்கையில் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய இடம் இதுவே. பூனையின் நரம்பை இழை இழையாகப் பிரித்தது போலவே, தாம் உண்மையில் கண்டதையும் கண்டதாகக் கருதியதையும் அவர் பிரித்துப் பார்த்தார்.

ஜே வாங்கிகள் தூண்டப்படும்பொழுது கைகால்களை இயக்கும் தசைகளின் அனிச்சைச் செயல் தளர்கின்றது என்பதைத் தேஷ்பாண்டே, தேவானந்தன் என்னும் இருவர் 1970இல் காட்டினர். இதிலிருந்து பெயின்டல் ஒரு கருத்தை வளர்த்தார். கடும் உழைப்பின்போது சுவாசப்பையிற் குருதியோட்டம் மிகும். இடைவெளிகளில் நீர் ஊற முற்படும். ஜே வாங்கிகள் அதனை அறிந்து, மூச்சை விரைவாக்கி, தசைகளைத் தளரச் செய்து, ஓடுபவனை நிற்கும்படி தூண்டுகின்றன. மலையேறுபவன் தானாகப் படியில் அமர்வது வெறுங்களைப்பினால் மட்டுமன்று, சுவாசப்பை தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டினாலும் ஆகும் என்பது அக்கருத்து.

நோயாளியின் படுக்கையருகே

விலங்கிற் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்னும் வினா எழுந்தது. ஜே வாங்கிகளைத் தூண்டும் லோபெலின் என்னும் மருந்தை மிகச் சிறு அளவில் நரம்புக்குருதிக் குழாய்வழி செலுத்தியபொழுது, தொண்டையிலும் நெஞ்சிலும் அடைப்பது போன்ற உணர்ச்சியும் இருமலும் தோன்றுவதாக மனிதர் உரைத்தனர். இவ்வுணர்ச்சிகளையும் பூனையின் ஜே வாங்கிகளின் துடிப்பையும் ஒப்புநோக்கி, பெயின்டலும் உடனுழைத்தோரும் 1995இற் கட்டுரை வெளியிட்டனர். அப்போது அவருக்கு வயது எழுபது. இளமையில் எழுப்பிய வினாவை முதுமையிலும் அவர் கைவிடவில்லை.

இருதயத்தின் இடப்புறம் தளர்ந்தவருக்குச் சுவாசப்பையிற் குருதி தேங்குகின்றது. அவர் படுத்தால் தேக்கம் மிகுகின்றது. எழுந்து அமர்ந்தால் சற்றே குறைகின்றது. அவருடைய குருதியில் ஒட்சிசன் பெரிதும் குறையாத நிலையிலும் அவர் மூச்சு விரைவாகவும் மேலோட்டமாகவும் அமைவதற்கு ஜே வாங்கிகள் ஒரு காரணமாகலாம். மிகவுயர்ந்த மலைகளில் விரைந்து ஏறுவோருக்கும் சுவாசப்பையில் நீர் கோப்பதுண்டு. இமயமலை எல்லையில் நிறுத்தப்பட்ட போர்வீரரிடையே இந்நோய் கண்டதை இந்திய இராணுவ மருத்துவர்கள் 1965இல் விரிவாக எழுதினர்.

மூச்சுத் திணறல் முழுவதையும் ஜே வாங்கிகளாலேயே விளக்கிவிடலாம் என்று எண்ணுதல் தவறு. குருதியிற் காபனீரொட்சைட்டு மிகுதலும், ஒட்சிசன் குறைதலும், மார்புத் தசைகளின் உழைப்பும் அவ்வுணர்ச்சியிற் பங்கு கொள்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் பல தூதுவருள் ஒருவனை இன்னான் என்று அடையாளங் காட்டிய பெருமை பெயின்டலுக்கே உரியது.

தாயகப் பணி

எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்ற பெயின்டல் தாயகந் திரும்பி, கான்பூரிலிருந்த பாதுகாப்புத்துறை ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். பின்னர்த் தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வல்லபாய் பட்டேல் மார்புநோய் நிலையத்தின் இயக்குநரானார். ஜே வாங்கிகள் பற்றிய அவருடைய ஆராய்ச்சி முதிர்ச்சி பெற்ற இடம் அதுவே. மேல்நாட்டு ஆய்வுகூடங்களிற்றான் அடிப்படை விஞ்ஞானம் வளரும் என்று பலரும் எண்ணிய காலத்தில், தில்லியிலிருந்து வெளிவந்த கட்டுரைகளை இலண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ளோர் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று.

1981இல் இலண்டன் றோயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1986இல் இந்திய அரசாங்கம் பத்ம விபூஷண் விருது வழங்கியது. அவ்வாண்டு முதல் 1991வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தார். விஞ்ஞானத்தில் பொய்யும் களவும் புகாதிருக்க வேண்டும் என்னும் நோக்குடன் அறிஞர் சிலர் 1986இல் விஞ்ஞான விழுமியங்களுக்கான சங்கம் ஒன்றை அமைத்தபொழுது, அதன் முதற் தலைவராகவும் விளங்கினார். பிறர் அளவீட்டைத் தமதென்று காட்டுவோரையும், காணாததைக் கண்டதாக எழுதுவோரையும் விசாரித்து வெளிப்படுத்துதல் அச்சங்கத்தின் பணி. நண்பரைச் சேர்க்காத பணி அது, பகைவரையே சேர்க்கும்.

பெரியோர் வாழ்விலும் குறை காணப்படுதல் உண்டு. எயிட்ஸ் நோய் பரவத் தொடங்கிய காலத்தில், 1988இல், வெளிநாட்டாருடன் உடலுறவு கொள்வதைச் சட்டத்தாற் தடை செய்ய வேண்டும் என்று அவர் கூறிய யோசனை கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நோய் பரவும் வழியைக் கடவுச்சீட்டு நிருணயிப்பதில்லை. ஒரு நரம்பு நாரைப் பற்றிப் பேசுமுன் பன்முறை அளந்து பார்த்த அதே அறிஞர், சமுதாயத்தைப் பற்றிப் பேசும்பொழுது அத்துணை அளவையைக் கைக்கொள்ளவில்லை எனலாம். ஒரு துறையிற் பெற்ற மேதைமை எல்லாத் துறைக்கும் தானாகச் சென்று சேராது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21ஆந் திகதி, தமது எழுபத்தொன்பதாம் வயதில், பெயின்டல் இவ்வுலகை நீத்தார்.

நம் மாணவருக்கு

நமது கல்லூரியிற் பயின்று மருத்துவ பீடம் புகுந்தோர் பலர். 1870இல் தொடங்கப்பெற்ற கொழும்பு மருத்துவக் கல்லூரியின் வழிவந்த கின்சி வீதி மருத்துவ பீடம் வத்தளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பேருந்தில் எட்டிவிடும் தூரத்திலேயே உள்ளது. அங்கு செல்லும் நம் பிள்ளைகளிடம் பெற்றோர் எதிர்பார்ப்பது நல்ல மருத்துவராக வரவேண்டும் என்பதே. அவ்வெதிர்பார்ப்பு நியாயமானது; நோயாளரைத் தொட்டுக் குணப்படுத்தும் கை உயர்ந்த கை. ஆயினும் நூறு பேருள் ஒருவராவது, தொண்ணூற்றொன்பது பேர் கையாளும் அறிவை ஆக்கித் தரும் பணிக்குத் தம்மை ஒப்புவித்தல் வேண்டும். அப்பணிக்குக் கூரிய மூளை மட்டும் போதாது. நாள் முழுவதும் உழைத்து ஒன்றும் காணாது மாலையில் வீடு திரும்பி, மறுநாட் காலையிற் சலியாது மீண்டும் ஊசியைக் கையிலெடுக்கும் பொறுமை வேண்டும். கண்டதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுதாத நேர்மை வேண்டும். தாம் எழுதியது பொருந்தாதென்று பின்னர் அறிந்தால் அதனை அழிக்கும் துணிவும் வேண்டும்.

இம்மூன்றும் விலை கொடுத்து வாங்கும் கருவிகளல்ல. மோகோக்கிற் பிறந்த ஒரு மருத்துவரின் மகனுக்கு அவை கைவந்தன எனின், நம் மாணவருக்கும் கைவருதல் கூடும். சுவாசப்பையில் இன்னும் பேசாத நார்கள் எத்தனையோ உள. அவற்றை எழுப்பிக் கேட்கும் செவி நம்மவருள் ஒருவருடையதாக அமையுமாயின், அதுவே இக்கல்லூரிக்கு நாம் செய்யும் பெரிய கைம்மாறாகும்.